சொந்த க்ளாஸையே ஆய்வு பண்ணப் போறீங்களா? எதுக்குன்னு முதல்ல எழுதி வச்சுக்கோங்க

பி.எட். முடிச்ச எல்லாருக்கும் செயலாராய்ச்சின்னு ஒண்ணு ஞாபகம் இருக்கும், அதாவது டீச்சரே தன்னோட க்ளாஸ்ல ஒண்ணை மாத்திப் பார்த்து ஆய்வு பண்றது. ஒரு ரெக்கார்டு நோட்டு, முன்தேர்வு, பின்தேர்வு, நடுவுல கலர் பென்சில்ல ஒரு பார் க்ராஃப், கடைசில "இம்முறை மாணவர்களிடம் நல்ல முன்னேற்றத்தை ஏற்படுத்தியது"ன்னு ஒரு வரி, சீனியர் ரெக்கார்டும் அப்படித்தான் முடிஞ்சிருக்கும், ஜூனியர் ரெக்கார்டும் அப்படித்தான் முடியும். வைவா முடிஞ்சதும் நோட்டு பரண்ல.

இது அந்த ரெக்கார்டுக்கான கட்டுரை இல்ல. ஸ்கூல்ல, காலேஜ்ல, பாலிடெக்னிக்ல இப்போ பாடம் எடுத்துட்டு இருக்கிறவங்க, யாரும் கட்டாயப்படுத்தாம, நம்ம க்ளாஸ்ல நிஜமாவே என்ன நடக்குதுன்னு ஒழுங்கா பார்க்கணும்னு நினைச்சா எங்க ஆரம்பிக்கிறது, அதுக்குத்தான். பி.எச்.டி. வேணாம், ஃபண்டு வேணாம், எஸ்.பி.எஸ்.எஸ். சாஃப்ட்வேர் சத்தியமா வேணாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, கூட இருந்து பார்க்க ஒரு சக ஆசிரியர் இருந்தா போதும்.

வழக்கமா இந்த மாதிரி வழிகாட்டில "பிரச்சனையைத் தேர்ந்தெடுத்தல்"னுதான் முதல் படி இருக்கும். நான் அதுக்கும் ஒரு படி முன்னாடி போறேன், ஏன்னா நீங்க எதுக்காக இதுல இறங்குறீங்கங்கறதுதான் என்ன கேள்வி கேட்பீங்க, எதைக் கண்டுக்காம விடுவீங்கங்கறதை முடிவு பண்ணுது. ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஒரு குழி இருக்கு. எந்தக் குழின்னு முன்னாடியே தெரிஞ்சா விழாம தாண்டிடலாம்.

1. "நான் இதைப் பண்றது எதுக்குன்னா..."

நோட்டோட முதல் பக்கத்துல தேதி போட்டு இந்த வரியை எழுதி முடிங்க. யாருக்கும் காட்ட வேணாம், அதனால மேடைப் பேச்செல்லாம் தேவையில்ல. ப்ரமோஷனுக்குன்னா ப்ரமோஷனுக்குன்னே எழுதுங்க. பொதுவா ரெண்டு மூணு காரணம் கலந்துதான் இருக்கும். நான் பார்த்த வரைக்கும் ஆசிரியர்களை இதுல இறக்கி விடுற காரணங்கள் இதுங்கதான்.

முதலாவது உறுத்தல். நல்லாத்தான் நடத்துறோம், பசங்களும் தலையை ஆட்டுறாங்க, ஆனா பேப்பர் திருத்தும்போது வயித்தைக் கலக்குது. இதுக்கு உலகத்துலயே பிரபலமான உதாரணம் ஹார்வர்டுல பிசிக்ஸ் சொல்லித் தர்ற எரிக் மஸூர். 1984ல இருந்து எடுத்துட்டு இருக்கார், பசங்க கொடுக்குற ஃபீட்பேக் அருமையா இருக்கு, கஷ்டமான கணக்கெல்லாம் போட்டுடுறாங்க, அவரும் நாம நல்ல வாத்தியார்தான்னு நிம்மதியா இருந்தார். 1990 வாக்குல, அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டில டேவிட் ஹெஸ்டனெஸ் குழு எழுதினதைப் படிக்கிறார். பசங்க ஃபார்முலா போட்டு விடை கொண்டு வந்துடுறாங்க, ஆனா விசைன்னா என்னங்கறது பழைய தப்பான புரிதலோடவே அப்படியே இருக்குங்கறது அதோட சாரம். நம்ம பசங்க அப்படி இருக்க மாட்டாங்கன்னு நம்பி, அந்தக் குழு புரிதலைச் சோதிக்க வச்ச டெஸ்ட்டைத் தன் க்ளாஸ்லயும் வைக்கிறார். அப்போ ஒரு ஸ்டூடன்ட் எழுந்து, "சார், இதுக்கு நீங்க சொல்லிக் கொடுத்தபடி எழுதணுமா, இல்ல நான் நினைக்கிறபடி எழுதணுமா"ன்னு கேட்டதா அவரே பல இடத்துல சொல்லியிருக்கார். ரெண்டும் வேற வேறன்னு அந்த ஸ்டூடன்ட் எவ்ளோ சாதாரணமா சொல்லிட்டாங்க பாருங்க. ரிசல்ட்டும் மோசமாத்தான் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் க்ளாஸ்ல ஒரு கேள்வி போட்டு, தனித்தனியா பதில் வாங்கி, பக்கத்துல இருக்கிறவங்களோட வாதாட விட்டு, மறுபடி பதில் வாங்குற முறைக்கு அவர் மாறினது.

என்னைக் கேட்டா இந்த உறுத்தல்தான் இருக்கிறதுலயே நல்ல காரணம். இதோட குழி அவசரம். உறுத்தல் தாங்காம மறுநாளே புது முறைக்குத் தாவிடுவோம், முன்னாடி நிலைமை எப்படி இருந்துச்சுன்னு ஒரு பதிவும் இருக்காது.

ரெண்டாவது சந்தேகம், அதாவது ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் சொல்ற காரணம் உண்மைதானான்னு வர்ற சந்தேகம். 1970கள்ல கலிஃபோர்னியா பெர்க்லி யுனிவர்சிட்டில யூரி ட்ரைஸ்மன்னு ஒருத்தர், அப்போ அவரே ஒரு கிராஜுவேட் ஸ்டூடன்ட். கால்குலஸ்ல கறுப்பின மாணவர்கள் நிறைய பேர் தோத்துப் போறாங்க, ஏன்னு ஆசிரியர்களைக் கேட்டா ஆர்வம் இல்ல, அடிப்படை சரியில்ல, வீட்டுல படிப்புக்கு ஆதரவு இல்ல, வசதி இல்லன்னு ரெடியா பதில் வருது. நம்ம ஸ்டாஃப் ரூம்லயும் அப்பா குடிக்கிறார், அம்மா வேலைக்குப் போயிடுறாங்க, கையில செல்போன்னு இதே லிஸ்ட்தான், ஊரு மட்டும் வேற. ட்ரைஸ்மன் அந்தக் காரணங்களை அப்படியே எடுத்துக்காம, 20 கறுப்பின மாணவர்கள், நல்லா மார்க் வாங்குற 20 சீன வம்சாவளி மாணவர்கள்னு ரெண்டு குழுவோடயும் கூடவே சுத்தி எப்படி படிக்கிறாங்கன்னு பார்த்தார். சொன்ன காரணம் ஒண்ணும் நிக்கல. வித்தியாசம் எங்க இருந்துச்சுன்னா, சீன மாணவர்கள் சேர்ந்து உக்காந்து ஒருத்தர் கணக்கை ஒருத்தர் சரி பார்த்துப் படிச்சாங்க, கறுப்பின மாணவர்கள்ல பெரும்பாலானவங்க மணிக்கணக்கா தனியாவே உக்காந்து போராடினாங்க. அப்புறம் அவர் உருவாக்கினது மெல்லக் கற்போர் வகுப்பு இல்ல, சேர்ந்து உக்காந்து கஷ்டமான கணக்கு போடுற வொர்க்‌ஷாப், அது நல்லாவே வேலை செஞ்சுது.

இந்தக் காரணத்தோட குழி, மத்த டீச்சர்ஸ் சொல்றது தப்புன்னு நிரூபிக்கிறதே நோக்கமா மாறிடுறது. அப்படி ஆயிட்டா ஸ்டாஃப் ரூம்ல உங்களோட டீ குடிக்க ஆள் இருக்காது.

மூணாவது சும்மா ஒரு ஆர்வம். சிகாகோ யுனிவர்சிட்டியோட லேப் ஸ்கூல்ல விவியன் பேலின்னு ஒரு எல்.கே.ஜி. வயசுப் பசங்களோட டீச்சர், க்ளாஸ்ல டேப் ரெக்கார்டர் வச்சு குழந்தைங்க பேசுறது, கதை கட்டுறது, சண்டை போடுறது எல்லாத்தையும் பதிவு பண்ணி, அதை எழுதி எழுதியே குழந்தைங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டவங்க. 1989ல அவங்களுக்கு அமெரிக்காவோட பெரிய கௌரவமான மெக்கார்தர் ஃபெலோஷிப்பே கிடைச்சுது. புது முறை எதையும் ஜெயிக்க வைக்கணும்னு அவங்க கிளம்பல, கேட்டாங்க, அவ்ளோதான். குழி என்னன்னா சேர்த்துக்கிட்டே இருப்போம், மொபைல் முழுக்க வீடியோ இருக்கும், ஒரு நாளும் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

நாலாவது கொஞ்சம் அரசியல், நல்ல அர்த்தத்துலதான் சொல்றேன். மேல இருந்து திட்டம் வந்துக்கிட்டே இருக்கும். பசங்க அட்டைகளை வச்சு அவங்கவங்க வேகத்துல தாங்களே செஞ்சு கத்துக்கிற செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல 2003ல ஆரம்பிச்சு அப்புறம் மாநிலம் முழுக்க வந்துச்சு, 2022ல சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித் தர்ற எண்ணும் எழுத்தும் திட்டம் வந்துச்சு, இன்னும் வரும். ஒவ்வொண்ணைப் பத்தியும் டீச்சர்ஸுக்கு கருத்து உண்டு, ஆனா அந்தக் கருத்து பஸ் ஸ்டாப்பைத் தாண்டாது. "எங்க க்ளாஸ்ல இது இந்தப் பசங்களுக்கு இப்படி வேலை செய்யுது, இந்தப் பசங்களுக்கு செய்யல, இதோ அவங்க நோட்டு"ன்னு காட்டினா அப்போ அது புலம்பல் இல்ல. இங்கிலாந்துல லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ்ங்கற கல்வியாளர் 1970கள்ல சண்டை போட்டுச் சொன்னது இதைத்தான். பாடத்திட்டம்ங்கறது எங்கயோ செஞ்சு வாத்தியார் கையில கொடுத்து நடத்தச் சொல்ற சமாசாரம் இல்ல, ஒவ்வொரு க்ளாஸ்லயும் சோதிச்சுப் பார்க்க வேண்டிய ஒரு யோசனை, சோதிக்கிற ஆள் டீச்சராத்தான் இருக்கணும்னார். குழி இங்கயும் உண்டு, திட்டத்து மேல இருக்கிற கோபத்துல அது வேலை செய்ற இடத்தைப் பார்க்காம விட்டுடுவோம்.

கடைசியா ப்ரமோஷன், அதுக்கான பாயிண்ட்ஸ், காலேஜ் தரத்தை மதிப்பிட வர்ற நாக் (NAAC) விசிட், டயட்ல (DIET, மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) இருந்து வர்ற சர்க்குலர். இதைக் கேவலமா பேச எனக்கு இஷ்டமில்ல. பாடம் நடத்துறதும் ஒரு அறிவுப்பணிதான், அதையும் ஆராய்ச்சியோட சேர்த்து மதிக்கணும்னு அமெரிக்காவுல கல்விக்காக இருக்கிற கார்னெகி ஃபவுண்டேஷன்ல இருந்து எர்னெஸ்ட் பாயர் 1990ல அறிக்கை எழுதினப்பவே அது வேலை, பதவி, சம்பளம் சம்பந்தப்பட்ட பேச்சாவும்தான் இருந்துச்சு. நல்லா சொல்லித் தர்றவங்களுக்கு பதவி உயர்வுல மதிப்பு இல்லங்கறதுதானே அங்க பிரச்சனையே. ஆனா இந்தக் காரணத்தோட குழிதான் இருக்கிறதுலயே ஆழம். ரிசல்ட் நல்லா வந்தே ஆகணும். என் முறை ஜெயிச்சுதுன்னு எழுத முடியாட்டி பேப்பர் இல்ல, பேப்பர் இல்லாட்டி பாயிண்ட் இல்ல. அதனால கேள்வியே ஜெயிக்கிற மாதிரி அமைஞ்சுடும். பாயிண்ட்டுக்காகத்தான் பண்றீங்கன்னா கேள்வியை "இது ஜெயிக்குமா"ன்னு வைக்காம "இங்க என்ன நடக்குது"ன்னு வைங்க. எந்தப் பதில் வந்தாலும் எழுத விஷயம் இருக்கும்.

2. கேள்வியைச் சின்னதாக்குங்க

"மாணவர்களின் கணிதத் திறனை மேம்படுத்துதல்" ஒரு கேள்வியே இல்ல, அது கல்வித்துறையோட வேலை. நீங்க கேட்க வேண்டியது ஒரு க்ளாஸ், ஒரு பாடம், ஒரு இடறல்.

நாலாம் வகுப்பு கழித்தலையே எடுத்துக்கோங்க, இனி கடைசி வரைக்கும் இதையே உதாரணமா வச்சுக்கலாம். 52ல 38 கழிக்கச் சொன்னா சில பசங்க 26ன்னு எழுதுவாங்க. நாம சிவப்பு மையில ஒரு இன்ட்டு போட்டு பக்கத்துல "கவனக்குறைவு"ன்னு எழுதுவோம். அது கவனக்குறைவே இல்ல. 5ல 3 போனா 2, 8ல 2 போனா 6, அதாவது மேல இருக்கோ கீழ இருக்கோ, பெருசுல இருந்து சின்னதைக் கழிக்கணும்னு அந்தப் பையன் ஒரு விதி வச்சிருக்கான், அதை ரொம்பக் கவனமா, தப்பே இல்லாம பின்பற்றுறான். கவனமா இருன்னு திட்டினா இன்னும் கவனமா 26 எழுதுவான்.

இப்போ கேள்வி இப்படி ஆகும்: என் க்ளாஸ்ல கடன் வாங்கிக் கழித்தல்ல தப்பு பண்ற பசங்க என்னென்ன விதத்துல தப்பு பண்றாங்க, எத்தனை பேர் எந்த விதம்? இது "என்ன நடக்குது" வகைக் கேள்வி. "காசு வச்சு சொல்லிக் கொடுத்தா இந்தத் தப்பு குறையுமா"ங்கறது "எது வேலை செய்யுது" வகை. கார்னெகி ஃபவுண்டேஷன்ல பாட் ஹட்சிங்ஸ் 2000ல இப்படிப் பிரிச்சு எழுதியிருக்காங்க. எல்லாரும் ரெண்டாவதுக்குத்தான் பாய்வாங்க, முதல் முறை பண்றவங்க முதல் வகையோட நின்னாலே போதும்ங்கறது என் அபிப்பிராயம், பாதி நேரம் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சதுமே என்ன பண்ணணும்னு தன்னால தெரிஞ்சுடும்.

காலேஜ்ல இருக்கிறவங்களுக்கும் இதே கதைதான். "ஸ்டூடன்ட் என்கேஜ்மென்ட்"னு தலைப்பு போடாதீங்க, "செகண்ட் இயர் சர்க்யூட் தியரில கிர்ச்சாஃப் விதி போடும்போது ப்ளஸ் மைனஸ் எங்க தடுமாறுது"ன்னு போடுங்க.

3. ஏற்கனவே யாராவது பார்த்திருக்காங்களான்னு ஒரு வாரம் தேடுங்க

ஒரு வாரம்தான், அதுக்கு மேல போனா தேடுறதே வேலையாயிடும். கழித்தல் தப்பை 1978லயே ஜான் சீலி ப்ரவுனும் ரிச்சர்டு பர்ட்டனும் அமெரிக்காவுல பிரிச்சு மேய்ஞ்சிருக்காங்க, குழந்தைங்க தப்பு பெரும்பாலும் ஏனோதானோன்னு வர்றது இல்ல, முறையா ஒரு விதிப்படி வர்றதுன்னு காட்டினாங்க. இது தெரிஞ்சா உங்க பசங்க பேப்பரைப் பார்க்குற கண்ணே மாறிடும். 403ல 127 கழிச்சு 226னு ஒருத்தி எழுதினா, பூஜ்ஜியத்தைத் தாண்டி நேரா 4கிட்ட கடன் வாங்கி 13ல 7 போக 6, அப்புறம் 0ல 2 கழிக்க முடியாம 2ன்னு போட்டுட்டான்னு உங்களுக்கே தெரியும்.

தேட கூகுள் ஸ்காலர், கல்வி ஆய்வுகளுக்குன்னே இருக்கிற ஈரிக் (ERIC) தளம் ரெண்டும் இலவசம். நம்ம நாட்டு பி.எச்.டி. ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா தளம் இருக்கு. அதை விட முக்கியமா உங்க ஸ்கூல்லயே இருபது வருஷமா நாலாம் வகுப்பு எடுக்குற டீச்சர் கிட்ட கேளுங்க, பேப்பர்ல இல்லாதது அவங்க வாயில இருக்கும்.

4. அனுமதி, பசங்க பேரு, போட்டோ

ஹெச்.எம். கிட்ட வாய் வார்த்தையா இல்லாம ஒரு பக்க லெட்டர் கொடுங்க, என்ன பண்ணப் போறீங்க, எத்தனை நாள், பாட நேரம் வீணாகுமா இல்லையா. பெத்தவங்களுக்கு பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல சொல்லிடலாம், பேட்டி எடுக்கப் போற குழந்தையா இருந்தா அவங்க வீட்டுல தனியா கேட்டுடுங்க.

நாம டீச்சர், அதனால குழந்தை முடியாதுன்னு சொல்லவே சொல்லாது. அதைச் சம்மதம்னு எடுத்துக்காதீங்க. தப்பா எழுதின நோட்டுப் பக்கத்தைப் பேரோட போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கிறது எல்லாம் கூடவே கூடாது. நோட்டுல பேருக்குப் பதிலா எண் போட்டுக்கோங்க, எந்த எண் யாருங்கற பட்டியல் வேற இடத்துல இருக்கட்டும். பாதி க்ளாஸுக்கு நல்லதுன்னு உங்களுக்கே தெரிஞ்ச ஒண்ணை ஆய்வுக்காக மறுக்கவும் கூடாது, கடைசில எல்லாருக்கும் அது கிடைக்கிற மாதிரி திட்டம் போடுங்க.

5. எதையும் மாத்துறதுக்கு முன்னாடி இருக்கிற நிலைமையைப் பதிவு பண்ணுங்க

உறுத்தல்ல ஆரம்பிச்சவங்க ஸ்பெஷலா கவனிங்க. பத்து கழித்தல் கணக்கு கொடுங்க, கண்டபடி இல்லாம பொறுக்கி எடுத்த பத்து. கடன் வாங்கத் தேவையில்லாதது ரெண்டு, ஒரு தடவை கடன் வாங்குறது நாலு, நடுவுல பூஜ்ஜியம் வர்றது ரெண்டு, "கடையில மீதி எவ்ளோ"ன்னு வாக்கியக் கணக்கு ரெண்டு. மார்க் போடாதீங்க, தப்புகளை வகை பிரிங்க. பெருசுல சின்னது கழிச்சவங்க, கடன் வாங்கிட்டு பக்கத்து எண்ணைக் குறைக்க மறந்தவங்க, பூஜ்ஜியத்துல சிக்கினவங்க, எழுதாம விட்டவங்க. நாலு கட்டம் போட்டு உள்ள எண்ணை எழுதினா ஒரு பக்கத்துல க்ளாஸ் மொத்தமும் தெரியும்.

அப்புறம் ஒவ்வொரு வகையில இருந்தும் ஒண்ணு ரெண்டு பசங்களைக் கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சு, "இதை எப்படிப் போட்டேன்னு எனக்கு சொல்லிக் குடு"ன்னு கேளுங்க. இந்த இடத்துல திருத்தணும்னு கை பரபரக்கும். திருத்தாதீங்க. "சரி, அப்புறம்?" மட்டும்தான் நீங்க பேசணும். இந்தப் பத்து நிமிஷம்தான் மொத்த ஆய்வுலயே மதிப்பு ஜாஸ்தி, நேரம் இல்லன்னு மத்த எதை வெட்டினாலும் இதை வெட்டாதீங்க.

காலேஜ்ல அறுபது பேரைக் கூப்பிட்டுப் பேச முடியாது, அங்க க்ளாஸ் முடிய மூணு நிமிஷம் இருக்கும்போது ஒரு துண்டுச் சீட்டுல ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க, இன்னிக்குப் புரிஞ்ச முக்கியமான விஷயம் என்ன, இன்னும் குழப்பமா இருக்கிறது எது, பேர் வேணாம். "ஒண்ணும் புரியல மேம்"னு வர்ற சீட்டை கிழிச்சுப் போடாதீங்க, அதையும் எண்ணுங்க.

நோட்டுல தினமும் அஞ்சு வரி எழுதிட்டு வாங்க. இடது பக்கம் நடந்தது, வலது பக்கம் நீங்க நினைச்சது. "பசங்க ஆர்வமா இருந்தாங்க"ங்கறது வலது பக்கம். "பின் பெஞ்ச்ல மூணு பேர் கேட்காமலே அடுத்த கணக்கைப் போட்டாங்க"ங்கறது இடது பக்கம்.

6. ஒரே ஒரு மாற்றம்

புது கற்றல் உபகரணம், குழு வேலை, வீடியோ, பரிசுன்னு எல்லாத்தையும் ஒரே வாரத்துல இறக்கினா எது வேலை செஞ்சுதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்.

கழித்தலுக்கு ஒரு மாற்றம் சொல்றேன். பொம்மை நோட்டு பத்து ரூபா அஞ்சு, ஒரு ரூபா காசு ரெண்டு, மொத்தம் 52. இதுல 38 ரூபா கொடுக்கணும். கையில ரெண்டு காசுதான் இருக்கு, எட்டு காசு எப்படிக் கொடுப்பே? க்ளாஸ்ல பாதிப் பேர் கடைக்குப் போற பசங்க, "சில்லறை மாத்தணும் மிஸ்"னு சொல்லிடுவாங்க. ஒரு பத்து ரூபா நோட்டு போயி பத்து காசு வரும், இப்போ நாலு நோட்டும் பன்னெண்டு காசும், அதுல மூணு நோட்டும் எட்டு காசும் போக மீதி 14. இதைப் பண்ணும்போதே பக்கத்துல எண்ணா எழுத வைக்கணும், காசு விளையாட்டு தனியா, நோட்டுக் கணக்கு தனியான்னு போச்சுன்னா பசங்க கடையில 14ன்னு சரியா சொல்லிட்டு நோட்டுல மறுபடி 26 எழுதுவாங்க. அப்படி எழுதினா அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான், விடாம குறிச்சுக்கோங்க.

7. மாறிச்சான்னு பார்க்கிறது, இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க

மாற்றம் முடிஞ்ச மறுநாளே டெஸ்ட் வச்சா எல்லாம் சூப்பராத்தான் இருக்கும். ரெண்டு மூணு வாரம் கழிச்சும் ஒண்ணு வைங்க. அதே வகை கணக்கு, வேற எண்கள்.

முன்தேர்வுல ரொம்பக் கம்மியா வாங்கின பத்துப் பேரை மட்டும் பொறுக்கி அவங்களுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்து "முன்னேற்றம்"னு காட்டுறது நம்ம செயலாராய்ச்சிகள்ல சர்வசாதாரணம். அதுல ஒரு சிக்கல் இருக்கு. அந்தப் பத்துப் பேர்ல சிலர் அன்னிக்கு உடம்பு சரியில்லாம, தூக்கம் இல்லாம, பேனா தீர்ந்துபோயி கம்மியா வாங்கினவங்க, நீங்க ஒண்ணுமே பண்ணாட்டியும் அடுத்த டெஸ்ட்ல மேல வந்திருப்பாங்க. அதனால மொத்த க்ளாஸையும் பாருங்க. ரெண்டு செக்‌ஷன் இருந்தா பக்கத்து டீச்சரோட பேசி, கழித்தலுக்கு ஏ செக்‌ஷன்ல புது முறை, அடுத்த பாடத்துக்கு பி செக்‌ஷன்ல புது முறைன்னு மாத்தி மாத்தி வச்சுக்கலாம், யாரும் நஷ்டப்பட மாட்டாங்க.

எண்ணுல பார்க்கணும்னா ஒரு சுலபக் கணக்கு இருக்கு. பின்தேர்வு சராசரில இருந்து முன்தேர்வு சராசரியைக் கழிச்சு, அதை நூத்துல இருந்து முன்தேர்வு சராசரியைக் கழிச்சு வர்றதால வகுக்கணும். 40ல இருந்து 70 வந்தா, 30ஐ 60ஆல வகுத்து 0.5. அதாவது ஏற வேண்டிய தூரத்துல பாதி ஏறியாச்சு. 80ல இருந்து 90 வந்தாலும் அதே 0.5தான், அதனால வேற வேற மட்டத்துல இருக்கிற க்ளாஸை ஒப்பிட உதவும். அமெரிக்காவுல ரிச்சர்டு ஹேக் 1998ல 62 பிசிக்ஸ் கோர்ஸ், 6542 மாணவர்கள்னு சேர்த்து இதைப் போட்டுப் பார்த்தார், வெறுமனே லெக்சர் கேட்ட வகுப்புகள்ல சராசரி 0.23, பேசி விவாதிச்சு செஞ்சு பார்த்த வகுப்புகள்ல 0.48. உங்க ஒரு க்ளாஸ் எண்ணை அதோட ஒப்பிட்டு சந்தோஷப்பட வேணாம், இது எப்படிப் பயன்படுதுன்னு காட்டத்தான் சொன்னேன்.

பசங்க கிட்ட "பிடிச்சிருந்துச்சா"ன்னு ஃபார்ம் கொடுத்து அதையே ஆதாரமா வைக்கிறது இன்னொரு ஏமாத்து. 2019ல ஹார்வர்டு பிசிக்ஸ் வகுப்புகள்ல பார்த்தப்போ, தாங்களே செஞ்சு கத்துக்கிட்ட மாணவர்கள் டெஸ்ட்ல அதிகம் வாங்கினாங்க, ஆனா கம்மியா கத்துக்கிட்ட மாதிரி இருக்குன்னு சொன்னாங்க, அழகா லெக்சர் கேட்டவங்களுக்கு நல்லா கத்துக்கிட்டதா ஒரு நினைப்பு. ஃபார்ம் கொடுங்க, வேணாம்னு சொல்லல, அது பசங்களோட மனநிலையைத்தான் சொல்லும்.

8. பின்னாடி உக்கார ஒரு ஆள்

ஜப்பான்ல டீச்சர்ஸ் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டம் போட்டு, ஒருத்தர் நடத்த மத்தவங்க உக்காந்து பார்த்து, அப்புறம் கூடிப் பேசுறது நூறு வருஷத்துக்கு மேல இருக்கிற வழக்கம். நம்ம ஊர்ல பின் பெஞ்ச்ல ஒருத்தர் நோட்டோட உக்காந்தா அது இன்ஸ்பெக்‌ஷன், பசங்க கூட முதுகை நிமிர்த்திடுவாங்க. அதனால முதல்லயே பேசி வச்சுக்கோங்க, வர்றவர் உங்களைப் பார்க்கக் கூடாது, நாலே நாலு பசங்களை மட்டும் பார்க்கணும், அவங்க எப்போ எழுதுறாங்க, எப்போ பக்கத்து நோட்டைப் பார்க்குறாங்க, எங்க நிறுத்துறாங்கன்னு. கரும்பலகை பக்கம் நிக்கிற நமக்கு அது தெரியவே தெரியாது. கையெழுத்து போடுற அதிகாரம் இருக்கிறவரைக் கூப்பிடாதீங்க, சமமான ஒருத்தரைக் கூப்பிடுங்க, அடுத்த வாரம் அவர் க்ளாஸ்ல நீங்க.

9. எழுதுறது

ரெண்டு பக்கம். என்ன உறுத்துச்சு, என்ன பார்த்தேன், என்ன மாத்தினேன், என்ன ஆச்சு, எது இன்னும் புரியல. பசங்க நோட்டுல இருந்து பேர் மறைச்ச ரெண்டு பக்கம் படமா. பக்கத்துப் பள்ளி டீச்சர்ஸ் கூடுற சி.ஆர்.சி. (குறுவள மையம்) கூட்டத்துல பேச பத்து நிமிஷம் கேளுங்க, டயட்ல செயலாராய்ச்சிக்குன்னு ஆள் இருப்பாங்க, அவங்க கிட்டயும் கொண்டு போங்க. வேலை செய்யாததையும் எழுதுங்க, பக்கத்து ஸ்கூல்ல அதையே இன்னொருத்தர் பண்ணி ஒரு மாசம் வீணாக்காம இருப்பாங்க.

காலேஜ்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. "ரெண்டே நாள்ல பப்ளிகேஷன், ஃபீஸ் இவ்ளோ, சர்டிஃபிகேட் உண்டு"ன்னு மெயில் வரும், எடிட்டோரியல் போர்டுல பெரிய பெரிய பேர் எல்லாம் போட்டிருக்கும். ரெண்டு நாள்ல யாரும் உங்க பேப்பரைப் படிச்சிருக்க முடியாது, அவ்ளோதான் கணக்கு. காசு கொடுத்து அங்க போடுறதுக்கு உங்க டிபார்ட்மென்ட் செமினார்ல பேசினா நாலு பேராவது கேள்வி கேட்பாங்க.

எப்போ ஆரம்பிக்கிறது

ஸ்கூல்ல ஜூன்ல வேணாம், அட்மிஷன், புத்தகம், மாணவர் விவரம் ஏத்துற எமிஸ் (EMIS) வேலைன்னு அந்த மாசம் அப்படியே போயிடும், பசங்க முகமும் பழகியிருக்காது. ஜூலைல நோட்டு மட்டும் போட்டுட்டு வாங்க, உறுத்தல் எதுன்னு அதுலயே தெரியும். ஆகஸ்ட்ல பத்து கணக்கும் பேட்டியும். செப்டம்பர்ல காலாண்டு, அதுக்குள்ள மாற்றத்தை ஆரம்பிச்சு அவசரப்படாதீங்க, லீவு முடிஞ்சு அக்டோபர்ல பண்ணுங்க. நவம்பர்ல மழை லீவு எத்தனை நாள் போகும்னு யாருக்கும் தெரியாது, அதுக்குக் கொஞ்சம் இடம் விட்டு வைங்க. பிந்தின டெஸ்ட் அரையாண்டுக்கு முன்னாடி முடிஞ்சுட்டா, அரையாண்டு லீவுல எழுத நேரம் கிடைக்கும், ஜனவரில சி.ஆர்.சி. கூட்டத்துல பேசிடலாம். அதுக்கப்புறம் ஆண்டுத் தேர்வு, எலெக்‌ஷன் ட்யூட்டி ஏதாவது இருந்தா அது வேற, எதுவும் நடக்காது, நோட்டை மட்டும் பத்திரமா வைங்க, அடுத்த ஜூலைல புது பசங்க வருவாங்க, அவங்கள்ல எத்தனை பேர் 26 எழுதுறாங்கன்னு அதே பத்துக் கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம்.